‘டெலிவர்டு’னு காட்டுது, ஆனா பார்சல் கைக்கு வரலை: டிராக்கிங் ஸ்டேட்டஸை ஆடிட்டர் மாதிரி படிப்பது எப்படி?

பெர்சனல் ஃபைனான்ஸ் பேசுற இடத்துல பார்சல் டிராக்கிங் எதுக்குன்னு கேட்கலாம். காரணம் இருக்கு. நம்ம மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி இப்போ எப்பவுமே ‘வழியில்’ இருக்கு. மொபைல், லேப்டாப், புது கிரெடிட் கார்டு, செக் புக், பான் கார்டு, சில நேரம் ஒரு வக்கீல் நோட்டீஸ்கூட இப்படித்தான் வருது. இது எல்லாத்துக்கும் ஒரு டிராக்கிங் நம்பர் இருக்கு. அந்த நம்பருக்குக் கீழே வர்ற ஒவ்வொரு வரியும் ஒரு கணக்குப் பதிவு.

கணக்குப் பதிவை எப்படிப் படிப்போம்? யார் எழுதினாங்க, எப்போ எழுதினாங்க, அந்த எழுத்தால் எந்தக் கெடு ஓட ஆரம்பிச்சுது. டிராக்கிங்குக்கும் இதே மூன்று கேள்விதான். ஸ்டேட்டஸ் உங்க பார்சல் ‘இப்போ எங்கே இருக்கு’ன்னு சொல்றதில்லை. கடைசியாக எங்கே, எப்போ ஸ்கேன் ஆச்சு என்பதை மட்டும்தான் சொல்லும். இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதிப் பதற்றம் போயிடும். மீதிப் பாதிக்கு என்ன செய்யணும்னு பார்ப்போம்.

முதல்ல நம்பரைப் படிங்க

இந்திய அஞ்சல் துறையின் ஸ்பீட் போஸ்ட் நம்பர் 13 எழுத்துகள் கொண்டது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, அடுத்து 9 இலக்கம், கடைசியில் ‘ஐ என்’. அந்த ‘ஐ என்’ இந்தியாவைக் குறிக்கும். சர்வதேச அஞ்சல் ஒன்றியம் வகுத்த ‘எஸ்10’ என்ற தரம் இது. முதல் எழுத்து ‘இ’ன்னா ஸ்பீட் போஸ்ட் வகை, ‘ஆர்’னா பதிவு அஞ்சல் வகை, ‘சி’ன்னா பார்சல் வகை.

இதில் ஒரு அழகான விஷயம் இருக்கு. 9 இலக்கத்தில் முதல் 8 தான் வரிசை எண். ஒன்பதாவது இலக்கம், முதல் எட்டும் சரியா இருக்கான்னு சோதிக்கும் சரிபார்ப்பு இலக்கம். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் 8 இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்குங்க. எல்லாத்தையும் கூட்டுங்க. கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து மீதியை எடுங்க. அந்த மீதியை 11-லிருந்து கழிச்சா வருவதுதான் ஒன்பதாவது இலக்கம். விடை 10 வந்தா 0, விடை 11 வந்தா 5.

உதாரணமாக 12345678. பெருக்கினால் 8, 12, 12, 8, 15, 30, 63, 56. மொத்தம் 204. 11-ஆல் வகுத்தால் மீதி 6. 11-லிருந்து 6 போனா 5. ஆக சரியான எண் 123456785.

யாராவது ‘உங்களுக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பிட்டேன், இதோ நம்பர்’னு சொல்லி இந்தக் கணக்குக்கு ஒத்துவராத நம்பர் கொடுத்தா, ஒண்ணு தட்டச்சுப் பிழை, இல்லைன்னா பொய். ஆனா கணக்கு ஒத்து வந்துட்டதால மட்டும் பார்சல் உண்மைன்னு முடிவு பண்ணாதீங்க. அதை அஞ்சல் துறை தளத்தில் போட்டுப் பார்த்தால்தான் உறுதி.

தனியார் கூரியர்களுக்கு இந்தப் பொது வடிவம் கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நீளம். அதனால் ஷாப்பிங் ஆப்ல ஆர்டர் நம்பரையும் கூரியரின் டிராக்கிங் நம்பரையும் தனித்தனியா குறிச்சு வைங்க. புகார் கொடுக்கும்போது ரெண்டும் கேட்பாங்க.

அடுத்து பின்கோடு

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கம் சேர்ந்தால் எந்தப் பிரிப்பு மாவட்டம் என்று தெரியும். கடைசி மூன்று, டெலிவரி செய்யும் அலுவலகம்.

நம்ம ஊருக்கு வருவோம். கடலூர் 607, சிதம்பரம் 608. ஒரே வருவாய் மாவட்டம், ஆனா பின்கோட்டில் இரண்டும் வேறு வேறு குடும்பம். கடலூருக்குள்ளேயே மஞ்சக்குப்பம் 607001, திருப்பாதிரிப்புலியூர் 607002, முதுநகர் 607003. சிதம்பரம் 608001, பக்கத்துலயே இருக்கிற அண்ணாமலை நகர் 608002. யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் இருக்கும் தம்பிக்கு 608001 போட்டு அனுப்பினா, பார்சல் முதலில் வேறு அலுவலகத்துக்குப் போய்த்தான் திரும்பும். அந்த ஒரு இலக்கம் உங்க எதிர்பார்ப்புத் தேதியைத் தள்ளிப்போட்டுடும்.

இன்னொண்ணு, கடலூர் வேற, கூடலூர் வேற. நீலகிரியில் ஒரு கூடலூர் (643), தேனியில் ஒரு கூடலூர் (625). போன்ல முகவரி சொல்லும்போது ஊர்ப் பெயரோட நிறுத்தாம பின்கோட்டையும் சொல்லுங்க.

ஒவ்வொரு ஸ்டேட்டஸும் என்ன சொல்லுது?

கம்பெனிக்கு கம்பெனி வார்த்தை மாறும். ஆனா பொருள் யார் கையில் இருக்கு என்ற கணக்கில் பார்த்தா எல்லாம் ஆறு கட்டத்துக்குள் அடங்கிடும்.

1. ‘ஆர்டர் கன்ஃபார்ம்டு’, ‘மேனிஃபெஸ்டட்’, ‘லேபிள் கிரியேட்டட்’: பொருள் இன்னும் விற்பனையாளர் கையில்தான். லேபிள் அச்சாகியிருக்கு, அவ்வளவுதான். ‘ஷிப்டு’ன்னு எஸ்எம்எஸ் வந்தும் டிராக்கிங்ல இந்த வரி மட்டும் இருந்தா, கூரியர் இன்னும் எடுக்கலைன்னு அர்த்தம். கேன்சல் பண்ண இதுதான் நல்ல நேரம்.

2. ‘பிக்டு அப்’, ‘ஐட்டம் புக்டு’: கூரியரோ அஞ்சலகமோ பொருளை வாங்கிக்கிட்டது. உண்மையான பயணம் இங்கேதான் ஆரம்பம்.

3. ‘பேக்டு’, ‘டிஸ்பேட்ச்டு’, ‘இன் டிரான்சிட்’: உங்க பார்சல் மற்ற பார்சல்களோட ஒரே மூட்டைக்குள்ள போயிடுச்சு. இனி ஸ்கேன் ஆவது மூட்டைதான், தனிப் பார்சல் இல்லை. அதனால் ஒண்ணரை நாள் எந்த அசைவும் காட்டாம இருப்பது சகஜம்.

4. ‘ரிசீவ்டு அட் ஹப்’, ‘ரீச்டு டெஸ்டினேஷன்’: மூட்டை பிரிக்கும் இடத்துக்கு வந்துடுச்சு. ‘டெஸ்டினேஷன்’னு இருந்தாலும் அது உங்க தெரு ஆபீஸா, மாவட்டத்துக்கான ஹப்பான்னு ஊர்ப் பெயரைப் பாருங்க.

5. ‘அவுட் ஃபார் டெலிவரி’: டெலிவரி செய்பவரின் பட்டியலில் ஏறிடுச்சு. இன்னைக்குள்ள வரலாம். அவர் பையில் எத்தனை பார்சல், உங்க தெரு எத்தனாவது என்பது ஸ்டேட்டஸுக்குத் தெரியாது.

6. ‘டெலிவர்டு’ அல்லது ‘அன்டெலிவர்டு’: பயணத்தின் முடிவு. பணம் சம்பந்தப்பட்ட கெடு எல்லாம் இந்த வரியிலிருந்துதான் ஓடும்.

இதோட ‘ஆர்டிஓ’ன்னு ஒண்ணு வரும். லைசென்ஸ் எடுக்குற ஆபீஸ் இல்லை! பார்சல் அனுப்பினவருக்கே திரும்பிப் போகுதுன்னு அர்த்தம்.

‘நான் கடலூர்ல இருக்கேன், பார்சல் ஏன் சார் வேற ஊருக்குப் போயிட்டு வருது?’ என்று நிறைய பேர் கேட்கிறாங்க. பெரிய ஊர்களில் மூட்டையைப் பிரித்து, அங்கிருந்து சின்ன ஊர்களுக்குக் கிளை பிரியும் முறை இது. நேராக வரும் சின்ன வண்டியைவிட, சுற்றி வரும் பெரிய வண்டியில் செலவு குறைவு. வரைபடத்தில் உங்க ஊரைத் தாண்டிப் போன மாதிரி தெரிந்தாலும், அது வழி தவறியதாக அர்த்தமில்லை. அதே ஹப்பில் ஒரே ஸ்டேட்டஸ் மூன்று வேலை நாளைத் தாண்டி நின்னாலோ, ‘மிஸ்ரூட்டட்’ என்ற வார்த்தை வந்தாலோ அப்போ கேள்வி கேளுங்க.

எதிர்பார்ப்புத் தேதி எப்படி வருது?

ஆப் காட்டும் தேதி நாலு நேரங்களின் கூட்டல்: விற்பனையாளர் பேக் பண்ணும் நேரம், கூரியர் எடுக்கும் நேரம், ஹப்புகளுக்கு இடையே பயணம், கடைசியாக உள்ளூர் டெலிவரி. இதில் எது தாமதமானாலும் அடுத்த வண்டியைத் தவறவிடும். காலையில் கிளம்பும் வண்டியை அரை மணி நேரத்தில் விட்டுட்டா, இழப்பு அரை மணி இல்லை, ஒரு முழு நாள்.

சென்னையில் இருக்கும் விற்பனையாளரிடம் வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு சிதம்பரம் முகவரிக்கு ஆர்டர் போடுறீங்கன்னு வைங்க. அன்னைக்கு பிக்கப் முடிஞ்சிருக்கும். சனிக்கிழமை பேக்கிங், மாலையில் பிக்கப். ஞாயிறு விடுமுறை என்றால் திங்கள் ஹப், செவ்வாய் டெலிவரி. சாலையில் சில மணி நேரம்தான், ஆனா காலண்டர்ல நாலு நாள். இதே ஆர்டரை திங்கள் காலை போட்டிருந்தா புதன் கிடைக்க வாய்ப்பு. அவசரமான பொருளை வெள்ளி இரவு ஆர்டர் பண்ணிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது கையில் இருக்கணும்னு திட்டம் போடாதீங்க.

இங்கே முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு. ஆர்டர் போட்ட அன்றே, டெலிவரி தேதி காட்டும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. ஏன்னா தாமதம் ஆனதும் ஆப்ல தேதி மாறிடும். பழைய தேதி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்.

அந்தத் தேதிக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. நுகர்வோர் பாதுகாப்பு (இ-காமர்ஸ்) விதிகள், 2020-ன்படி, சொன்ன கால அட்டவணையைத் தாண்டி தாமதமாகப் பொருள் வந்தால், விற்பனையாளர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது. ஒரே விலக்கு, யாராலும் தடுக்க முடியாத காரணத்தால் ஏற்படும் தாமதம். இது என்னன்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளம். அந்த மாதிரி வாரத்தில் தாமதத்துக்காகச் சண்டை போட்டா ஜெயிக்க முடியாது. ஆனா வெயில் அடிக்கிற மார்ச் மாதத்தில் ‘எதிர்பாராத காரணங்களால்’ என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தா, அது மட்டும் இந்த விலக்குக்குப் போதாது.

பொய்யான ‘அன்டெலிவர்டு’

‘கஸ்டமர் நாட் அவைலபிள்’, ‘டோர் லாக்டு’, ‘அட்ரஸ் இன்கம்ப்ளீட்’. நாள் முழுக்க வீட்ல இருந்தவருக்கும் இது வரும். எதுவும் செய்யாம விட்டா அடுத்தடுத்த முயற்சிகளுக்குப் பிறகு ஆர்டிஓ ஆகிடும். ஆஃபர் விலையில் வாங்கின பொருள் திரும்பிப் போகும், பணம் திரும்ப வரும், ஆனா அந்த விலை வராது. நஷ்டம் அங்கேதான்.

அன்னைக்கே ஆப்ல ‘டெலிவரி முயற்சி நடக்கவில்லை’ன்னு புகார் பதிவு பண்ணுங்க. உங்க போனின் கால் லாக் ஸ்க்ரீன்ஷாட் சேருங்க, அழைப்பே வரலைன்னு அது காட்டும். முகவரியில் அடையாளம் சேருங்க: கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி, எதிர் கடை. சிதம்பரத்தில் ‘கீழ வீதி’ன்னு மட்டும் போட்டா அது நீளமான வீதி. கதவு எண்ணும் அடையாளமும் இருந்தா டெலிவரி தம்பிக்கும் வேலை சுலபம்.

அஞ்சலகம்னா இன்னும் சுலபம். பொருள் உங்க டெலிவரி அலுவலகத்திலேயே சில நாள் இருக்கும். அடையாள அட்டையோட நேரில் போய் வாங்கிக்கலாம். நாள் கடந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. அஞ்சல் துறையின் உதவி எண் 1800-266-6868.

‘டெலிவர்டு’ன்னு காட்டுது, கைக்கு வரலை

என்கிட்ட வர்றவங்க அதிகமா காட்டுற ஸ்க்ரீன்ஷாட் இதுதான். வரிசையா செய்யுங்க.

முதல் வேலை, அதே நாளில்: ‘யாரிடம் கொடுக்கப்பட்டது’ என்ற விவரம், கையெழுத்து, போட்டோ, ஓடிபி இதில் எது பதிவாகியிருக்குன்னு பாருங்க. வாட்ச்மேன், கீழ்வீடு, பக்கத்துக் கடை விசாரிங்க. மூணுல ஒண்ணு இங்கேயே முடிஞ்சிடும்னு சொல்ல என்கிட்ட புள்ளிவிவரம் இல்லை, ஆனா கேட்காம புகார் கொடுத்தா கம்பெனி முதலில் கேட்பது இதைத்தான்.

இரண்டாவது, அன்றே ஆப்ல எழுத்து மூலம் புகார். போன்ல பேசினா மட்டும் போதாது. புகார் எண், தேதி, நேரம் கையில் இருக்கணும். டெலிவரிக்கான ஆதாரத்தைக் கேளுங்க. ரிட்டர்ன் செய்யும் கெடு அந்த ‘டெலிவர்டு’ தேதியிலிருந்து ஓடிக்கிட்டிருக்கு. ஏழு நாள் ரிட்டர்ன் உள்ள பொருளுக்கு எட்டாம் நாள் புகார் பண்ணினா, கதையே மாறிடும்.

மூன்றாவது, சரியான ஆளிடம் கேளுங்க. நீங்க பணம் கொடுத்தது விற்பனையாளருக்கும் ஷாப்பிங் தளத்துக்கும். கூரியரை அமர்த்தினது அவங்க. ‘கூரியர்கிட்ட பேசுங்க’ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. நீங்களே கவுன்டர்ல பணம் கட்டி அனுப்பின பார்சல்னா மட்டும் கூரியரோ அஞ்சலகமோ உங்களுக்கு நேரடிப் பொறுப்பு.

நான்காவது, குறைதீர்ப்பு அலுவலர். மேலே சொன்ன விதிகளின்படி ஒவ்வொரு இ-காமர்ஸ் நிறுவனமும் ஒருவரை நியமித்து, பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போடணும். புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு.

ஐந்தாவது, 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மசியலைன்னா நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நீங்க குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் கடலூர் மாவட்ட ஆணையத்தில் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு.

இஎம்ஐ பார்சலுக்காகக் காத்திருக்காது

இதைச் சம்பளக்காரர்கள் நிறைய பேர் கவனிக்கிறதில்லை. ₹60,000 லேப்டாப்பை ‘நோ காஸ்ட்’ இஎம்ஐயில் 10-ஆம் தேதி வாங்குறீங்க. உங்க கார்டு ஸ்டேட்மென்ட் தேதி 15. பார்சல் ‘இன் டிரான்சிட்’லயே நிக்குது. ஸ்டேட்மென்ட்ல முதல் தவணை வந்துடலாம். பேங்குக்குப் பரிவர்த்தனைத் தேதிதான் கணக்கு, டெலிவரி தேதி இல்லை.

‘பொருளே வரலை, நான் ஏன் கட்டணும்’னு கெடுவை விட்டா, வட்டி, லேட் ஃபீஸ், சிபில் பதிவு எல்லாம் உங்க தலையில். கெடுவுக்குள்ள கட்டுங்க, கூடவே பேங்குக்கும் எழுத்து மூலம் ‘பொருள் கிடைக்கவில்லை’ன்னு டிஸ்ப்யூட் பதிவு பண்ணுங்க. டிஸ்ப்யூட்டுக்கும் கெடு உண்டு, சீக்கிரம் செய்யணும். ரீஃபண்ட் வந்த பிறகு இஎம்ஐ தனியா கேன்சல் ஆகியிருக்கான்னு பாருங்க. ரீஃபண்ட் கார்டில் வரவாகி, இஎம்ஐ மட்டும் மாதா மாதம் ஓடும் நிலைமை வரக் கூடாது. ப்ராசஸிங் ஃபீயும் அதுக்கான ஜிஎஸ்டியும் பெரும்பாலும் திரும்ப வராது, அதைச் செலவுன்னு எழுதிடுங்க.

புது டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, செக் புக் ‘டெலிவர்டு’ன்னு காட்டி கைக்கு வரலைன்னா வரிசையே வேற. விசாரணை அப்புறம். முதலில் பேங்க் ஆப்ல பிளாக் பண்ணுங்க.

சிதம்பரம் முகவரிக்கு வரும் நோட்டீஸ்

வேலை சென்னையில், நிரந்தர முகவரி சிதம்பரத்தில். பேங்க், ஆதார், பழைய கடன் பத்திரம் எல்லாத்திலும் ஊர் முகவரிதான். அம்மா அப்பா திருமணத்துக்கு வெளியூர் போன வாரத்தில் ஒரு ஸ்பீட் போஸ்ட் வந்து, ‘டோர் லாக்டு’ன்னு எழுதித் திரும்பிப் போனா? ‘எனக்குத்தான் வரவே இல்லையே’ன்னு நினைப்போம். சட்டம் அப்படி நினைக்கிறதில்லை.

பொது விதிகள் சட்டம் (ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்), 1897-ன் 27-ஆம் பிரிவு சொல்வது: சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டால், சாதாரணமாக அஞ்சல் எந்த நேரத்தில் போய்ச் சேருமோ அந்த நேரத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது வாங்குபவர். பார்த்தீங்களா? ‘எதிர்பார்ப்பு டெலிவரி தேதி’ இங்கே சட்டத்தின் அனுமானமாகவே மாறிடுது. ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆம் பிரிவிலும் ஏறக்குறைய இதே யோசனைதான்.

செக் பவுன்ஸ் வழக்கை எடுங்க. செக் திரும்பின தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள், பணம் வரவேண்டியவர் நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் செக் கொடுத்தவர் பணம் கட்டணும். கட்டலைன்னா அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. டிராக்கிங்ல ஜூன் 10 ‘டெலிவர்டு’ன்னா, ஜூன் 25 கடைசி நாள். வீடு பூட்டியிருந்தது போன்ற காரணங்களால் நோட்டீஸ் திரும்பினாலும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2007-ல் சி.சி. அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உண்மையிலேயே நோட்டீஸ் கிடைக்காதவருக்கு ஒரு வழியும் சொன்னது: நீதிமன்ற சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடலாம்.

நீங்க நோட்டீஸ் அனுப்பும் பக்கத்தில் இருந்தா, வீட்டு ஓனரிடம் அட்வான்ஸ் கேட்டோ, பழைய கம்பெனியிடம் செட்டில்மென்ட் கேட்டோ, இதை நினைவில் வைங்க. 2025 முதல் பதிவு அஞ்சல் தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோட இணைஞ்சிடுச்சு. 2025 அக்டோபர் 1 முதல் புதுக் கட்டணம்: 50 கிராம் வரை உள்ளூருக்கு ₹19, வெளியூருக்கு ₹47. ‘பதிவு’ வேணும்னா கூடுதல் ₹5, ஓடிபி டெலிவரி வேணும்னா இன்னொரு ₹5. ஜிஎஸ்டி தனி. சட்டத்தில் ‘பதிவு அஞ்சல்’ என்ற சொல் இருப்பதால் நோட்டீஸுக்கு அந்த ₹5-ஐ மிச்சம் பிடிக்காதீங்க. ரசீதையும், ‘டெலிவர்டு’ வரி தெரியும் டிராக்கிங் பக்கத்தையும் உடனே பிடிஎஃப்பாகச் சேமிங்க. காலம் போனா அந்தப் பக்கம் தளத்தில் கிடைக்காமல் போகலாம்.

விலை உயர்ந்த பொருளை நீங்களே அஞ்சலில் அனுப்பினா இன்ஷூர் பண்ணுங்க. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கும் அஞ்சல் அலுவலகச் சட்டம், 2023-ன்படி, விதிகளில் சொன்ன அளவைத் தாண்டி அஞ்சல் துறைக்குப் பொறுப்பு கிடையாது.

ஸ்டேட்டஸ் மாதிரி வேஷம் போட்டு வரும் எஸ்எம்எஸ்

‘உங்க பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. முகவரி முழுமையாக இல்லாததால் டெலிவரி செய்ய முடியவில்லை. 12 மணி நேரத்துக்குள் இந்த லிங்கில் முகவரியைத் திருத்தவும்.’ இந்திய அஞ்சல் பெயரில் இப்படி வரும் செய்தி போலின்னு மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவே எச்சரிச்சிருக்கு. லிங்க்கைத் தொட்டா முகவரி கேட்கும், அடுத்து ‘மறு டெலிவரிக் கட்டணம்’னு சின்னத் தொகை கேட்கும். குறி அந்தச் சின்னத் தொகையில் இல்லை, நீங்க தட்டும் கார்டு நம்பரிலும் ஓடிபியிலும்.

இப்போ மேலே படிச்சதை இங்கே வைச்சுப் பாருங்க. அந்தச் செய்தியில் 13 எழுத்து நம்பர் இருக்கா? இருந்தா சரிபார்ப்பு இலக்கம் ஒத்து வருதா? நீங்களே அஞ்சல் தளத்தைத் திறந்து போட்டா பதிவு வருதா? மூன்றுக்கும் ஆமாம்னு வந்தாலும் அந்த லிங்க்கைத் தொடாம, நேரா அலுவலகத்தைக் கேளுங்க.

ஓடிபி விஷயத்திலும் இதே கண்டிப்பு. டெலிவரி ஓடிபி என்பது உங்க கையெழுத்து. பார்சல் உங்க கண் முன்னாடி வந்து, முகவரியையும் டேப்பையும் பார்த்த பிறகு சொல்லுங்க. ‘சார் கீழே நிக்கிறேன், ஓடிபி சொல்லுங்க’ன்னு போன் வந்தா, கீழே இறங்கிப் போய்ச் சொல்லுங்க. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்கு அழைச்சு, பேங்குக்கும் சொல்லுங்க. இந்த இடத்தில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

ஒரு நிமிடச் சுருக்கம்

- ஆர்டர் நாளில்: டெலிவரி தேதி, விலை, ரிட்டர்ன் கெடு மூன்றுக்கும் ஸ்க்ரீன்ஷாட்.
- வழியில்: ஒரே ஸ்டேட்டஸ் மூன்று வேலை நாளைத் தாண்டினால் கேள்வி.
- ‘அன்டெலிவர்டு’: அன்றே புகார், கால் லாக் ஆதாரம்.
- ‘டெலிவர்டு’: கைக்கு வரலைன்னா அன்றே எழுத்து மூலம் புகார். கார்டு, செக் புக் என்றால் முதலில் பிளாக்.
- ஊர் முகவரி: வீடு பூட்டியிருக்கும் நாட்களில் வரும் அஞ்சலைக் கவனிக்க ஒருவர். முடிஞ்சா பேங்கில் தொடர்பு முகவரியை இப்போ இருக்கிற இடத்துக்கு மாத்துங்க.
- இஎம்ஐ: பார்சல் நின்னாலும் தவணை நிக்காது.

இன்னைக்கே ஒரு சின்ன வேலை செய்யுங்க. போன்ல ‘டெலிவரி’ன்னு ஒரு ஃபோல்டர் தொடங்கி, இப்போ வழியில் இருக்கும் எல்லா ஆர்டருக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும். சரிபார்ப்பு இலக்கக் கணக்கை நம்ம சேனல் வீடியோவில் பேப்பர்ல போட்டே காட்டியிருக்கேன், பாருங்க. இதை உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, குறிப்பா அந்த லிங்க் எஸ்எம்எஸ் பகுதியை. நம்ம வீட்டுப் பெரியவங்க கைபேசிக்கும் அது வருது.